சாயம் போகாத எட்டுச் சேலைகள்

ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, கீழத்தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் விட்ட நாளில், காலை பத்தே முக்காலுக்கு, தேரடிக் கடைத்தெருவில் புதுப்பொலிவு ஜவுளி மாளிகையின் இரண்டாவது மாடியில் சேலைகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்த ஆவுடையம்மாளின் வலது முழங்கையில் ஒரு கிளிப்பச்சை வந்து உட்கார்ந்தது. தேய்த்தாள், போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள், அப்போதும் போகவில்லை. எதிரே சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அடுத்ததை எடுத்துப் போடச் சொன்னார்கள், அவளும் போட்டாள். காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது வரை நின்ற காலோடு நிற்கிற கடையில் முழங்கையைப் பார்த்துக்கொண்டு யாரால் நிற்க முடியும்!

மறுநாள் கீழத்தெருவிலிருந்து ஒருத்தி வந்தாள். “ஏ ஆவுடக்கா, போன வாரம் எடுத்த கிளிப்பச்சையை நேத்து நனைச்சேன். மூணு தண்ணி அலசியாச்சு, வாளில ஒரு பொட்டுப் பச்சை எறங்கணுமே! நீங்க சொன்னா சொன்னதுதான்” என்றாள். ஆவுடையம்மாள் சொன்னது என்ன பெரிய வார்த்தை, பதினெட்டு வருஷமாக நாளைக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தை. வருகிறவர்கள் சேலையைக் கையில் எடுப்பார்கள், கசக்கிப் பார்ப்பார்கள், விலைச் சீட்டைத் திருப்புவார்கள், முந்நூறு என்று போட்டிருப்பதைக் கண்டு முகம் மலரும், மலர்ந்த கையோடு சுருங்கும், இத்தனை மலிவென்றால் சரக்கில் என்ன கோளாறோ என்று ஒரு யோசனை ஓடும், அப்புறம் ஆவுடையம்மாளை ஏறிட்டுப் பார்த்து, “சாயம் போகுமா?” என்பார்கள். “போகாதுக்கா, நான் கேரண்டி” என்பாள் அவள். போகும் என்று அவளுக்கும் தெரியும், கேட்டவளுக்கும் தெரியும். முதல் தண்ணி மட்டும் உப்புப் போட்டு அலசுங்க என்று சேர்த்துச் சொல்லிவிட்டால் அவளுடைய மனச்சாட்சி அன்றைக்கு அடங்கிவிடும்.

அந்த ஆனியிலிருந்து அவள் கேரண்டி சொன்ன சேலை எதிலும் சாயம் போகவில்லை. போக வேண்டிய சாயமெல்லாம் அவள் மேல் வந்தது. மேலத்தெருவுக்குத் தண்ணீர் விட்டால் தோளில் மஜந்தா வந்தது, வடக்குத்தெருவுக்கு விட்டால் கழுத்தடியில் காப்பிக்கொட்டை வந்தது, வெள்ளிக்கிழமை ஊரே தலை முழுகித் துணி நனைத்தால் முதுகு முழுக்கச் சில்லென்று ஏழெட்டு நிறம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியது. வெறும் நிறம் மட்டும் வந்திருந்தால் இன்னும் ஒரு பொட்டு ஒட்டிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பாள். வாளியிலிருந்து நனைந்த சேலையைத் தூக்குகிறபோது ஒரு பாரம் உண்டல்லவா, அந்தப் பாரமும் கூடவே வந்தது. சாயங்காலம் மாடிப்படி இறங்கும்போது ஆவுடையம்மாள் ஒரு தெருவின் மொத்த ஈரத்துணியையும் சுமந்துகொண்டு இறங்கினாள். ஐப்பசியில் அடைமழை பிடித்து யாரும் துணி நனைக்காத பத்து நாள் மட்டும் அவளுக்கு உடம்பு லேசாக இருந்தது.

கூட நிற்கிற லூர்துமேரி எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள், மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்துப் பார்த்தாள், ஆவுடையம்மாள் வழக்கமாகச் சொல்கிற உப்புத் தண்ணீரிலேயே அவளைக் குளிப்பாட்டியும் பார்த்தாள். பெரியாஸ்பத்திரி டாக்டர், அரிக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றதும் அரிப்புக்கு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். அதற்கு மேல் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஏன் வந்தது என்று கேட்டவர்களைவிட எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்கள்தான் அதிகம். “ஆவுடக்கா, ஒங்க புஜத்துல இருக்குல்லா ஒரு மயில்கழுத்து, அதே கலரு இருக்கா?” என்று கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள். பிளவுஸுக்கு மேட்சிங் தேடுகிறவர்கள் துணியை அவள் முதுகோடு வைத்துப் பார்த்தார்கள். “நில்லுக்கா, கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திரும்பு” என்பார்கள், அவளும் திரும்பி நிற்பாள்.

ஊர் ரொம்பச் சீக்கிரம் கற்றுக்கொண்டது. நல்ல நூல், நல்ல சாயம் என்று ஆயிரத்து இருநூறு கொடுப்பானேன், ஆவுடையம்மாள் வாயால் ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் முந்நூறு ரூபாய்ச் சேலை மூன்று வருஷம் மின்னும். எதிர்த்தாற்போல முப்பது வருஷமாக நல்ல சரக்கு விற்றுக்கொண்டிருந்த கடைக்காரர் ஈ ஓட்டிப் பார்த்துவிட்டு ஷட்டரை இறக்கினார். இந்தப் பக்கம் முதலாளி சுயம்புலிங்கம் அண்ணாச்சி மொத்த வியாபாரியிடம் போய் இருக்கிறதிலேயே மட்டமான சரக்காகப் பார்த்து எடுத்தார், தொட்டால் விரலில் ஒட்டுகிற சாயம், வெயிலில் காட்டினால் அந்தப் பக்கம் தெரிகிற நெசவு. சரக்கு எத்தனை படி இறங்கியதோ அத்தனை படி விலையும் இறங்கியதா என்றால், அண்ணாச்சியை அறியாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். ஐம்பது ரூபாய் ஏற்றினார். “சரக்கு கெடக்கட்டும், ஆவுடை நாக்குக்குத் தனி வெலை உண்டுல்லா” என்று கல்லாவில் உட்கார்ந்து சிரித்தார். ஆவணித் திருவிழாவில் ஊரே பளபளவென்று நின்றது, தேரே அத்தனை ஜோடனையாக இல்லை என்று பேசிக்கொண்டார்கள். தேர் பார்க்கப் போகாமல் வீட்டில் பாயை விரித்துப் படுத்திருந்தாள் ஆவுடையம்மாள். அவளுக்கு எழுந்திருக்க முடியவில்லை.

ஏன் வாயை மூடிக்கொள்ளவில்லை என்று கேட்கலாம். மகள் ரஞ்சனிக்காகத்தான். புருஷன் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம், இருப்பது ஒரே பிள்ளை, அதை நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்துவிட்டால் அப்புறம் இந்த நாக்கைக் கட்டிப் போட்டுவிடுகிறேன் என்று அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தாள். அந்த ஒரு ஆசைதான் அவளை நிமிர்த்தி நிற்க வைத்தது. ஒரு நாள் மட்டும் வாய் திறக்காமல் நின்று பார்த்தாள். பீடி சுற்றுகிற ஒருத்தி பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். “வருசத்துக்கு ஒரு செட்டுதான் எடுக்க முடியும்க்கா. போகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்” என்றாள். என்ன செய்வாள்? சொன்னாள். மறு வாரம் நெற்றியில் ஊதா வந்தது.

அப்படியாக முகம் வரை வந்துவிட்ட பிறகும் இடது உள்ளங்கை மட்டும் பிறந்த நிறத்தில் இருந்தது. அதை அவள் மூடியே வைத்திருந்தாள். பஸ்ஸில் வரும்போது லேசாகத் திறந்து பார்த்துக்கொள்வாள், நான் இந்த நிறம்தான் என்று.

தை பிறந்ததும் தரகர் சண்முகவேல் கடைக்கே வந்தார். மாப்பிள்ளை பம்பாயில் சொந்தமாகக் கம்பெனி வைத்திருக்கிறார், பேர் செந்தூர்பாண்டி, தாயாரும் பிள்ளையும்தான், நகை வேண்டாம், ரொக்கம் வேண்டாம், சீர்செனத்தி எதுவும் வேண்டாம், பெண்ணை மட்டும் அனுப்பினால் போதும் என்றார். “குடும்பம் எப்படி?” என்று கேட்டாள் ஆவுடையம்மாள். “தங்கமான குடும்பம்மா, நான் கேரண்டி” என்றார் அவர்.

வேறு யாராவது இதில் விழுந்திருந்தால் விட்டுவிடலாம். பதினெட்டு வருஷமாக அதே வார்த்தையை அதே சிரிப்போடு விற்றவள் விழுந்தாள். ஆடித் தள்ளுபடிக் குவியலில் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாரிக்கொண்டு போகிற பெண்களைப் பார்த்து, முந்தியை விரித்துப் பாருங்கம்மா, உள்பக்கம் கிழிசல் இருக்கப்போகுது என்று ஓயாமல் சொல்கிறவள், மகளுக்கு வந்த இடத்தை விரித்துப் பார்க்கவில்லை. லூர்துமேரிதான் கேட்டாள். “வெலை இவ்வளவு கம்மின்னா சரக்கை ஒரு தடவை பாக்காண்டாமாக்கா? பம்பாய் போய் வீட்டைப் பாத்துட்டு வாங்களேன்.” ஆவுடையம்மாளுக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. “எம் பிள்ளைக்கு நல்லது வந்தா ஒனக்கு ஏன் வயிறு எரியுது?” என்று கேட்டுவிட்டாள். போக வர டிக்கெட், நாலு நாள் லீவு, அண்ணாச்சியின் முகம், இதையெல்லாம் நினைத்தாலே அவளுக்கு அசதியாக இருந்தது. அசந்து போனவர்களிடம் எதையும் விற்றுவிடலாம் என்று அவளுக்குத் தெரியாதா, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் வருகிற கூட்டத்திடம்தான் அவள் பழைய ஸ்டாக்கைத் தள்ளுவாள். முருகன் கோவிலில் வைத்துத் தாலி கட்டினார்கள்.

மகளோடு அனுப்ப எட்டுச் சேலை எடுத்தாள். அண்ணாச்சி வாங்கி வைத்த குப்பையில் கை வைக்காமல், பழைய அலமாரியிலிருந்து பார்த்துப் பார்த்து எடுத்தாள். மாம்பழ மஞ்சள்தான் எல்லாவற்றிலும் விலை கூடினது, அப்புறம் மயில்கழுத்து, அப்புறம் வாடாமல்லி, கத்தரிப்பூ, வெந்தயம், ராமர் பச்சை, காப்பிக்கொட்டை என்று படிப்படியாகக் குறைந்து, எட்டாவதற்குக் கையில் காசு இல்லாமல், புதுச் சரக்கிலிருந்தே முந்நூற்று ஐம்பது ரூபாய்க்கு ஒரு அரக்கு. ரஞ்சனி அம்மாவின் வாயைப் பொத்தினாள். “எம்மா, இதுக்கு நீ ஒண்ணும் சொல்லக் கூடாது. போனாப் போகட்டும். ஒன் ஒடம்பைப் பாரு” என்று அழுதாள். சரி என்றாள் அம்மா. பிள்ளை குளிக்கப் போன நேரத்தில் எட்டையும் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே ஒவ்வொன்றிடமும் மெதுவாகச் சொன்னாள், எம் பிள்ளை கையில சாயம் போகாது, நான் கேரண்டி.

கல்யாணத்துக்குப் பிறகு, சொன்னபடியே கடையில் அவள் கேரண்டி சொல்வதை நிறுத்தினாள். “போகும்க்கா, இந்த வெலைக்குப் போகாம என்ன செய்யும்” என்றாள். ஊருக்குக் கோபம் வந்தது. தலைக்கனம் பிடித்துவிட்டது என்றார்கள். அண்ணாச்சி முறைத்தார். அப்புறம் எல்லோரும் பழகிக்கொண்டார்கள், வேறு கடைக்குப் போய் வேறு பெண்ணிடம் கேட்டார்கள், அவள் போகாது என்றாள், வீட்டில் போய் நனைத்ததும் சாயம் வாளியோடு போயிற்று, ஊர் பழையபடி மங்க ஆரம்பித்தது. முன்னால் விற்ற சேலைகளெல்லாம் நைந்து கிழிந்துகொண்டிருந்ததால் ஆவுடையம்மாளுக்குப் பாரமும் குறைந்தது.

அவளுக்கு இப்போது வேண்டியதெல்லாம் இடது உள்ளங்கையில் வந்தது. பம்பாயில் தினமும் விடியற்காலையில் தண்ணீர் வரும் போலிருக்கிறது, ஆறு மணிக்கு உள்ளங்கை சில்லென்னும், திறந்து பார்த்தால் மாம்பழ மஞ்சள். இரண்டு நாள் கழித்து வாடாமல்லி. அப்புறம் ராமர் பச்சை. “எம் பிள்ளை இன்னைக்குக் கத்தரிப்பூ நனைச்சிருக்கா” என்று லூர்துமேரியிடம் காட்டிச் சிரிப்பாள். எட்டும் மாறி மாறி வந்தன. மற்றச் சாயங்கள் வந்தபோது தெரிந்த பாரம் இதில் தெரியவே இல்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, மெய்யாகவே சந்தோஷமாக இருந்தது.

சித்திரையில் மாம்பழ மஞ்சள் வரவில்லை. விசேஷத்துக்குக் கட்டலாம் என்று எடுத்து வைத்திருப்பாள் என்று நினைத்தாள். வைகாசியில் மயில்கழுத்து நின்றது. அது நின்ற மூன்றாம் வாரம் வாடாமல்லி நின்றது. கத்தரிப்பூ நின்றபோது ஆவுடையம்மாள் கவுண்டரில் விரலை வைத்து வரிசையை எண்ணிப் பார்த்தாள். விலை கூடினது முதலில், அதற்கடுத்தது அடுத்து, அதற்கடுத்தது அப்புறம் என்று ஒரு அலமாரி காலியாகிறதென்றால் அது எப்படிக் காலியாகிறது என்று ஜவுளிக்கடைக்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். யாரோ விற்கிறார்கள். வெந்தயம் நின்றது. பச்சை நின்றது. காப்பிக்கொட்டை நின்றது. கடைசியில் விலை போகாத அந்த அரக்கு மட்டும் தினமும் காலையில் ஆறு மணிக்கு வந்தது.

தரகரைத் தேடிப் போனாள். அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். “கம்பெனின்னுதான் சொன்னாவ, நான் என்ன கண்டேன்? மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் சீட்டுப் பழக்கம், காசு வெச்சு வெளையாடுவான், எந்த ஆம்பளை வெளையாடல?” என்றார். ஆவுடையம்மாள் அவருடைய கைகளைப் பார்த்தாள், புறங்கையையும் பார்த்தாள், ஒரு பொட்டுச் சாயம் இல்லை. வெள்ளைவெளேரென்று இருந்தன. அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

போன் போட்டாள். “எப்படி இருக்க மக்ளே?” “நல்லா இருக்கேம்மா. எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுதாங்க.” “சேலையெல்லாம் இருக்கா?” “எட்டும் இருக்கும்மா, மாத்தி மாத்திக் கட்டுதேன். நீ ஒண்ணுக்கும் கவலப்படாத.” பிள்ளை குரல் தெளிவாக, இனிமையாக, ஒரு இடத்தில்கூடப் பிசிறு இல்லாமல் இருந்தது. அந்தக் குரல் எது என்று ஆவுடையம்மாளுக்குத் தெரிந்தது. அது அவளுடைய கடைக் குரல்.

ரயிலுக்கு என்ன செய்வது, அங்கே போய் என்ன கேட்பது, அவர்கள் இல்லை என்று சொன்னால் எங்கே நிற்பது என்று யோசித்து யோசித்து இரண்டு வாரம் போயிற்று. மலை ஏறுகிற மாதிரி இருந்தது அவளுக்கு, பாரம் இறங்கியும் தெம்பு திரும்பாத உடம்பு. அப்போதுதான் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வந்த அரக்கு, பதினோரு மணிக்கு மறுபடி வந்தது. சேலை விரித்துக்கொண்டிருந்த கை நின்றது. மூன்று மணிக்கு மறுபடி வந்தது. மறுநாளும் மூன்று தடவை. அதற்கு மறுநாள் நாலு தடவை. ஒரே சேலையை ஒரே நாளில் நாலு தடவை நனைக்கிறவள் உலகத்தில் உண்டா?

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் படி வரைக்கும் நின்றது. கையிலிருந்த சேலையைப் பாதி மடிப்பில் போட்டுவிட்டு ஆவுடையம்மாள் செருப்பைத் தேடினாள். அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்து வந்துவிட்டார். “ஏ ஆவுடை, கூட்டத்தைப் பாத்தியா இல்லியா? எங்க போற?”

“பம்பாய்க்கு. எம் பிள்ளையைக் கூட்டிட்டு வரப் போறேன்.”

“கட்டிக் குடுத்த பிள்ளையைக் கூட்டிட்டு வந்தா ஊரு என்ன சொல்லும்?”

“ஊருக்கு நான் பதினெட்டு வருசமாச் சொல்லியாச்சு அண்ணாச்சி. இனி அது சொல்லதைச் சொல்லிட்டுப் போட்டும்.”

லூர்துமேரி தன்னுடைய கைப்பையைக் கவிழ்த்து இருந்ததை எல்லாம் அவள் கையில் திணித்தாள். ஆவுடையம்மாள் அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். “போங்கக்கா, வண்டி போயிரும்” என்றாள் லூர்துமேரி.

ரயிலில் வடக்கத்திக்காரர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஹோலி முடிந்து எத்தனையோ மாசமாச்சே என்று தங்களுக்குள் பேசி, நகர்ந்து இடம் கொடுத்தார்கள். வழி முழுக்க உள்ளங்கை சில்லிட்டுக்கொண்டே வந்தது. ஆந்திராவில் வந்தது, சோலாப்பூரில் வந்தது, இறங்குகிற ஸ்டேஷனில் கூட்டம் நெருக்கித் தள்ளுகிறபோதும் வந்தது. வாரேன் மக்ளே, வாரேன் என்று சொல்லிக்கொண்டே, கல்யாணப் பத்திரிகையில் போட்டிருந்த விலாசத்தைக் காட்டிக் கேட்டுக் கேட்டுப் போனாள்.

இரண்டு ஆள் சேர்ந்து போக முடியாத சந்து, அதன் கடைசியில் பொதுக்குழாய். பழைய நைட்டி ஒன்றைப் போட்டுக்கொண்டு குத்துக்கால் வைத்து உட்கார்ந்து ரஞ்சனி துவைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் தாலிக்கொடி இருந்த இடத்தில் மஞ்சள் கயிறு கிடந்தது, புறங்கை வெந்து தோல் உரிந்திருந்தது, பிள்ளை பாதியாகியிருந்தாள், கன்னத்தில் இருந்த சதையெல்லாம் எங்கே போயிற்றோ. அவள் கையிலிருந்த சேலை மட்டும் அலமாரியிலிருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி அரக்காக மின்னியது. நூல் நூலாகப் பிரிந்து வலை போலாகியிருந்தது, ஆனாலும் சாயம் போகவே இல்லை.

“ஏட்டி” என்றாள் ஆவுடையம்மாள்.

ரஞ்சனி திரும்பினாள். எழுந்திருக்கவில்லை, அழவில்லை, சோப்பு நுரையோடு அம்மாவின் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். “சொல்லாதன்னு சொன்னேன், சொல்லிட்டேல்லா” என்றாள். “இந்த ஒண்ணுதாம்மா இருக்கு. எத்தனை நனைச்சாலும் போகலன்னதும் எனக்கு விளங்கிட்டு. போன் பேசும்போது அத்தை பக்கத்துல நிப்பாங்க. அதான் நனைச்சேன். திரும்பத் திரும்ப நனைச்சேன்.”

சந்தின் முனையில் மாமியார்க்காரி வந்து இடுப்பில் கை வைத்து நின்று யார் என்று கேட்டாள். ஆவுடையம்மாள் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தாள். சேலையை வாங்கி ஒரு முனையைப் பிள்ளையிடம் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்து, இரண்டு பேருமாக முறுக்கிப் பிழிந்தார்கள். கீழே கொட்டிய தண்ணீர் பளிங்காக ஓடியது.

“ஈரமா இருக்கும்மா” என்றாள் ரஞ்சனி. “காஞ்சதும் கட்டிட்டு வந்துருதேன்.”

“ஈரத்தோட கட்டு” என்றாள் ஆவுடையம்மாள். “போவோம்.”